இரண்டு நீலச் சட்டைகள்

டிப்ளமோ முடித்து கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்த முதல் நாள். எட்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து உருக்காலையில் வேலை செய்யும் அப்பாவின் யூனிஃபார்மும் நீலம், எனக்குத் தந்ததும் நீலம். பாக்கெட்டில் இருந்த கம்பெனிச் சின்னம்தான் வேறு. இரண்டையும் துவைத்து, தேய்த்து, காலையில் அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

அப்பாவுக்குப் பட்டன் எட்டவில்லை. என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"யம்மா, இது நைனாவோடது..."

"நான் தோச்ச துணி எனக்குத் தெரியாதா? புதுத் துணி தண்ணி பட்டா அப்டித்தான் தொளதொளன்னு வுடும்."

"எனக்கு டைட்டா கீதே" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

"பின்ன, தொப்ப வளத்தா?"

ஒரே தண்ணீர் என் சட்டையைப் பெரிதாக்கி அவர் சட்டையைச் சிறிதாக்கியதை நாங்கள் இருவருமே ஏற்றுக்கொண்டோம். எங்கள் வீட்டில் அதுதான் சுலபம். அவர் பட்டன் போடாமலே பஸ் ஏறிப் போனார்.

கேட்டில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார். "வேற கம்பெனி சட்டைமா. வுட முடியாது." மணி ஏழரை.

பயந்து பயந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அதே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில்தான் அவளுக்கு வேலை. சட்டை மாறியதைச் சொல்லி முடிப்பதற்குள் கட் செய்துவிட்டாள். அவ்வளவுதான், வேலை போச்சு என்று நின்றிருந்தேன்.

மணி எட்டு ஆவதற்குச் சற்று முன் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஏப்ரனோடு அம்மா இறங்கினாள். விரல்களில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. கையில் என் சட்டை.

"உங்கப்பன் அங்க பனியனோட நிக்கிறாரு. தப்புன்னு தெரிஞ்சும் ஏன்டி போட்டுக்கினு வந்த? வாயி இல்ல?"

"சொன்னேனேம்மா."

"சொன்னா? சத்தமா சொல்லணும்!"

செக்யூரிட்டி சிரித்துவிட்டார்.

"இன்னாண்ணா சிரிப்பு? மணியப் பாரு. கேட்டத் தொற."

சுடிதாருக்கு மேலேயே சட்டையை மாற்றி, கழுத்துப் பட்டனை அவளே போட்டுவிட்டாள். கேன்டீனில் யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறாள். திரும்பிப் போனால் அங்கே ஒரு பாட்டு காத்திருக்கும்.

"யம்மா, உனக்குத் திட்டு வியுமே?"

"என்னைத் திட்டறதுக்கு ஆளு பொறந்து வரணும். ஓடுறீ!"

ஓடினேன். பின்னால் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது: "அண்ணா, அவ பசி தாங்க மாட்டா. சாப்பாட்டு பெல்லு கரெக்டா அடிப்பீங்கல்ல?"