தொட்டிலில் ஒரு முலாம்பழம்

கனிஷாய் மறுபடியும் மின்சார டிராலிபஸ் ஓட்டப் போகிறாள் என்றதும் ஓஷ் நகரத்தில் எங்கள் வீடுகளின் பொது முற்றமே துள்ளிக் குதித்தது. ஒரே ஒரு முட்டுக்கட்டை, அவள் மகன் பெக்தூர். ஒன்றரை வயதாகியும் தாய்ப்பால் வாயில் இல்லாமல் கண்ணை மூடமாட்டான். மதியமானால் கனிஷாய் மரத்தொட்டிலின் மேல் கவிழ்ந்து, பால் கொடுத்துக்கொண்டே ஆட்டுவாள். அவன் தூங்குவதற்குள் அவள் முதுகு ஒடிந்துவிடும்.

திங்கட்கிழமை முதல் மதியத்தில் அவனைப் பார்த்துக்கொள்ளப் போவது எதிர்வீட்டுக்காரி நான். என் மார்பில் சளியைத் தவிர என்ன இருக்கிறது!

"அழட்டும் விடு, ரெண்டு நாள்ல அடங்கிடுவான்" என்றான் அவள் புருஷன் உலான்.

"சோறு கொஞ்சம் லேட்டானா நீ வீட்டையே ரெண்டாக்குற. பச்சப்புள்ளய சொல்ல வந்துட்டியா? அழவைக்காமதான் பழக்குவேன்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவள் அழுமுன்பே வயிறு நிறையக் கொடுத்து, கண் சொருகுமுன் விலக்கினாள். தரை மெத்தையில் படுக்கவைத்து முதுகில் கை வைத்தாள். சில நாளில் கையை எடுத்துவிட்டுப் பாட்டு மட்டும் பாடினாள். பிறகு பாட்டு அடுக்களையிலிருந்து வந்தது. பயல் எழுந்து வந்து பாவாடையைப் பிடிப்பான். முத்தம் கொடுத்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவாள். எனக்குத்தான் பொறுமை போனது.

சனிக்கிழமை அவன் படுத்தபடியே கையை நீட்டிப் பக்கத்திலிருந்த தொட்டிலை ஆட்டினான். கண் சொருகியது. நான் அலறிவிட்டேன்.

"ஐயோ, வெறுந்தொட்டில ஆட்டாதடா!"

வெறுந்தொட்டில் ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர. வீறிட்டு எழுந்தான்.

"பாக்தி அக்கா! தானா தூங்கிட்டிருந்தான்! கெடுத்தியே!"

"வெறுந்தொட்டில்டி! கண்ணால பாத்துட்டு எப்படி சும்மா இருப்பேன்?"

"வெறுமையா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

அடுக்களைக்கு ஓடினாள். நீளமான முலாம்பழம் ஒன்றோடு திரும்பினாள்.

"அது எனக்கு வாங்கினதுடி!" என்று உலான் பின்னாலேயே வந்தான்.

பழத்தைத் தொட்டிலில் கிடத்தி, குழந்தையைக் கட்டுவதுபோலவே துணிப்பட்டையால் கட்டினாள். "பெக்தூர், பாப்பாவுக்குத் தூக்கம் வருதாம். நீதான் தூங்க வைக்கணும்."

பயல் பழத்தை உற்றுப் பார்த்தான். பெரிய மனுஷன்போலப் படுத்து, ஆட்டத் தொடங்கினான். அம்மாவின் பாட்டை "ஊ... ஊ..." என்று இழுத்தான். நாங்கள் மூவரும் கதவோரம் மூச்சைப் பிடித்து நின்றோம். இழுப்பு தேய்ந்தது. கை நழுவி மெத்தையில் விழுந்தது.

தூங்கிவிட்டான்! நானும் உலானும் சத்தமில்லாமல் ஆடினோம். கனிஷாயின் சட்டை பால் சுரந்து நனைந்திருந்தது.

"என்னைத் தேடவே இல்லையேக்கா" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

திங்கள் மதியம் நானே பழத்தைக் கட்டினேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. பாப்பாவைத் தூங்கவைத்து, தானும் தூங்கினான். அவன் தூங்கிவிட்டால், கனிஷாயின் வண்டி எங்கள் தெருவைக் கடக்கும்போது நான் தலைத்துணியை அசைத்துக் காட்டுவதாக அவளோடு பேச்சு. தெருவாசலுக்கு ஓடி, துணியை அவிழ்த்து, கை வலிக்க வீசினேன்.

வண்டி வந்தது. ஹாரன் அடிக்காமல் மெதுவாக ஊர்ந்தது. கண்ணாடிக்குள் கனிஷாய் பயணிகள் பக்கம் திரும்பி ஏதோ கத்தினாள். வண்டி முழுக்கக் கை தட்டியது.