அந்தோணியின் இரண்டாவது அடி

அந்தோணி அரக்கோணம் ரயில்வே பட்டறையில் ஒன்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஆட்குறைப்பில் வேலை போனதும் மனைவி சவுரியம்மாளோடு ஆம்பூருக்கு வந்து, தனகோடியின் மோட்டார் பட்டறையில் சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். தன் கோபத்துக்குத் தானே பயந்த மனிதர்.

1935-இல் தோல் வியாபாரி ரஃபி அகமதுவின் கார் பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு புளியமரத்தில் மோதியது. மட்கார்டு நசுங்கி, ஒரு விளக்கு உடைந்தது. நாற்பது ரூபாய்க்கான வேலை. தனகோடியோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இருநூற்றுப் பத்து ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதி அனுப்பினார். ரேடியேட்டர் புதிது, ஸ்டியரிங் ராடு புதிது என்று கணக்கு. இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை. வண்டியின் சொந்தக்காரருக்கே இது தெரியாது.

கம்பெனிக்குச் சந்தேகம் வந்தது. வண்டியைப் பார்க்க மெட்ராஸிலிருந்து கோதண்டராமன் என்பவர் காலை ரயிலில் வருவதாகத் தந்தி வந்தது. அவர் வரவேண்டிய நாள் விடிந்ததும் தனகோடி ஒரு சம்மட்டியை அந்தோணியிடம் நீட்டி, எஸ்டிமேட்டில் எழுதிய சாமான்களை உடைக்கச் சொன்னார். அந்தோணி வாங்கவில்லை. தனகோடியே ஓங்கினார். ராடு வளைந்தது. ரேடியேட்டரில் முதல் அடி விழுந்து தண்ணீர் பீறிட்டபோது அந்தோணி குறுக்கே கையை வைத்தார்.

தனகோடி நிறுத்தவில்லை. சம்மட்டி அந்தோணியின் வலது கையில் இறங்கியது. மூன்று விரல்கள் நசுங்கின.

"குறுக்க கை வச்சா நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு, அவரைத் தள்ளி, இன்னும் இரண்டு அடி அடித்தார்.

சேதி கேட்டு ஓடிவந்த சவுரியம்மாள் தன் முந்தானையைக் கிழித்துக் கையைச் சுற்றினாள். உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள். வருகிறவர் வண்டியைப் பார்க்காமல் தான் நகரமுடியாது என்றுவிட்டார் அந்தோணி. துணி நனைந்து ரத்தம் சொட்டச் சொட்டப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

கோதண்டராமன் வந்ததும் தனகோடி முந்திக்கொண்டு சேதத்தைக் காட்டினார். அந்தோணி எழுந்து வந்தார்.

"மட்கார்டு மடிப்புல பாருங்க சார், துருப் பிடிச்சுப் போச்சு. மரத்துல மோதிப் பதினோரு நாளு ஆவுது. ரேடியேட்டர் உடைசல் மட்டும் பளபளன்னுகீது. காலையில ஒடச்சது."

கோதண்டராமன் குனிந்து பார்த்தார். நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். தனகோடி நோட்டைப் பிடுங்கப் பார்த்தார். கோதண்டராமன் விடாததால், வண்டியைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்து அவர் தோளில் அடித்தார். கோதண்டராமன் சுவரில் மோதிச் சரிந்தார். அடுத்த அடி தலைக்கு ஓங்கியபோது, அந்தோணி இடது கையால் கைப்பிடியைப் பிடுங்கித் தனகோடியின் முகத்தில் அடித்தார். தனகோடி விழுந்தார். விழுந்தவரை அந்தோணி மறுபடியும் அடித்தார். தாடை உடைந்தது.

எஸ்டிமேட் தள்ளுபடி ஆனது. தனகோடிக்கு ஆறு மாதம் தண்டனை கிடைத்தது. தன் உயிரைக் காப்பாற்றவே அந்தோணி அடித்தார் என்று கோதண்டராமன் கோர்ட்டில் சாட்சி சொன்னார். அது உண்மையா என்று மாஜிஸ்ட்ரேட் அந்தோணியைக் கேட்டார்.

"மொதல் அடி அவரக் காப்பாத்தத்தான், எஜமான். ரெண்டாவது என் கைக்காக அடிச்சேன்."

அதற்காக வேலூர் ஜெயிலில் மூன்று மாதம் இருந்தார். நசுங்கிய விரல்களில் இரண்டை ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். வெளியே வந்ததும் ரஃபி அகமது தோல் பதனிடும் தன் ஷாப்பில் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார். இடது கையால் ஸ்பேனர் பிடிக்கப் பழகினார்.

தனகோடியும் விடுதலையாகி வந்தபின் ஒரு நாள், கடைத்தெருவில் தனகோடியின் மனைவி பட்டம்மாள் எதிரே வந்தாள். திட்டுவாள் என்று அந்தோணி நின்றார். அவள் திட்டவில்லை.

"அவருக்குக் கஞ்சிதான் எறங்குது. அதையும் நான் ஊட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தோணி மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாக வேலைக்குப் போனார்.