சகீலாவின் லாரிக்குப் புதுக் கார்பரேட்டர் போட்ட கதை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், பூட்டிக் கிடக்கும் ஒரு சுக்குக் கிடங்கின் பின்முற்றத்தில்தான் சகீலாவின் லாரி நிற்கும். பட்டாளம் கழித்துப்போட்ட பெட்ரோல் லாரி அது. ஏலத்தில் எடுத்தவர் அவளுடைய மாமனார். சரக்கு ஏற்றிப் பிழைக்க முடியாத வண்டியாகி வெகுகாலம் ஆயிற்று. ஆனால் பழைய காலத்துக் கதையைப் படம் பிடிக்கிறவர்களுக்கு அப்படியொரு லாரி தேவைப்பட்டது. கல்யாணத்துக்கு முன்னால் விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஜோடிகளுக்கும் தேவைப்பட்டது. அந்த வாடகையில்தான் குடும்பம் ஓடியது.

முதலில் ஓட்டியது அவள் கணவர் அமீருதீன். ஒருநாள் காலையில் சாயா கிளாஸைக் கையில் எடுத்தவருக்கு வாய் கோணி, பேச்சுக் குழறி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு லாரியை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. கடையநல்லூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் விற்றுவிடச் சொன்னார்கள். சகீலாவோ டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். நாற்பது வயதுக்கு மேல், தோள்பட்டை கழன்றுவிடும்போல ஸ்டியரிங்கை வளைத்து வளைத்துப் பழகி, கனரக வண்டிக்கு லைசென்ஸ் வாங்கினாள். ஷூட்டிங் இருக்கும் நாள்களில் அமீருதீனைப் பக்கத்து வீட்டுப் பொன்மணி பார்த்துக்கொள்வாள். திரும்பி வந்ததும் சகீலா அவர் கட்டிலருகே உட்கார்ந்து அன்றைய கதை முழுவதையும் சொல்வாள். எந்த இறக்கத்தில் பிரேக் கிறீச்சிட்டது, எந்த நடிகன் கதவைத் திறக்கத் தெரியாமல் முழித்தான், எல்லாம் சொல்வாள். அவரும் சரியாக இருக்கும் பாதி முகத்தால் சிரிப்பார்.

ஒருமுறை, தூரத்திலிருந்து எடுக்கும் காட்சிக்கு ஓட்டுநர் வேடம் போட ஆள் வரவில்லை. நீங்களே ஓட்டிவிடுங்கள் என்றார்கள். அமீருதீனின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, ஒரு மீசையும் ஒட்டிவிட்டார்கள். யாரோ போட்டோ எடுக்க, அது எப்படியோ குடும்பத்துக்காரர்களின் வாட்ஸாப்பில் சுற்றியது. ஆளாளுக்குச் சிரித்து ஒரு வரி எழுதினார்கள். சகீலாவும் அதைக் கணவரிடம் காட்டிச் சிரித்தாள். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மழைக்காலத்தில்தான் கார்பரேட்டர் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. பெட்ரோல் கசிந்தது. கிளப்பினால் ஸ்லோவில் நிற்காமல் அணைந்தது. அவள் ரயீஸைக் கூப்பிட்டாள்.

ரயீஸ் அமீருதீனின் தம்பி. தாயில்லாமல் போனபோது அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. சகீலா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் அவன் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். சுள்ளிக்கல்லில் அவன் ஒர்க்‌ஷாப் போட்டபோது முதல் ஸ்பேனர் செட் வாங்கக் கழற்றிக் கொடுத்தது அவளுடைய வளையல். லாரியில் அவன் கை வைத்தால் அவள் பக்கத்தில் நின்று பார்ப்பதுகூட இல்லை.

பழைய கார்பரேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான் ரயீஸ். "ஷாஃப்ட் தேஞ்சு ஆடுது மைனி. பாடியிலயும் விரிசல். இதுக்கு மேல ஒட்டவெச்சு ஓட்ட முடியாது."

"வேற கிடைக்குமா?"

"இதே மாதிரி கிடைக்காது. வேற கம்பெனிக்காரன் செஞ்சது வரும். அடியில ஒரு பிளேட் வெச்சு உக்கார வைக்கணும், ஆக்சிலரேட்டர் கம்பியையும் மாத்தணும். செஞ்சிரலாம்."

புதுக் கார்பரேட்டர் வந்தது. பளபளவென்று, அந்தக் கிழட்டு இன்ஜினின் மேல் கடன் வாங்கிய தொப்பிபோல் உட்கார்ந்தது. துளை பொருந்துவதற்காக இடையில் ஒரு அலுமினியத் தகடு. தகட்டுக்கு மேலும் கீழும் காற்று புகாமலிருக்க அட்டையில் வெட்டிய கேஸ்கெட். ரயீஸ் வியர்க்க வியர்க்க வேலை செய்தான். சகீலா அவனுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தாள். சாயங்காலம் லாரி கிளம்பியது. ஆனால் சத்தம் ஏறியும் இறங்கியும், மூச்சுத் திணறுகிறவன்போல் இருந்தது.

"ஓட ஓடச் சரியாயிரும்" என்றான் ரயீஸ்.

சரியாகவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்தது. அழுத்தினால் கரும்புகை கக்கி, பின்னால் டப்பென்று வெடித்தது. தோப்பும்படி பாலத்து ஏற்றத்தில் பஸ்காரர்கள் ஹாரனடித்துத் திட்டும்படி திக்கித் திக்கி ஏறியது. கூப்பிட்டபோதெல்லாம் ரயீஸ் வந்தான். ஸ்க்ரூவை அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படித் திருப்பினான். அவன் இருக்கும்வரை ஒருமாதிரி ஓடும், போனதும் பழையபடி ஆகிவிடும். சகீலா தன் கால்தான் பழகவில்லையோ என்று தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். கணவரிடம் அதையும் சொன்னாள். "எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோ என்னமோ." அமீருதீன் அவள் கையைத் தடவிக் கொடுத்தார்.

ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஷூட்டிங். கேமராவுக்கு முன்னால் லாரி வளைந்து வந்து நிற்க வேண்டும். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் வளைவிலேயே அணைந்தது. மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "சேச்சி, இன்னைக்கு வேற வண்டி பாத்துக்கிறோம்." அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் ரயீஸ் வந்தான். "வண்டி முடிஞ்சு போச்சு மைனி. இடப்பள்ளியில ஒருத்தர் ஹோட்டல் திறக்கிறாரு. வாசல்ல நிறுத்தி வைக்கக் கேக்குறாரு. மரியாதையா இருக்கும்போதே கொடுத்திருங்க."

"இன்ஜினு?"

"அதைக் கழட்டிருவாங்க. பின்னாடி மேஜை நாற்காலி போடுவாங்களாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ரயீஸைச் சந்தேகப்பட்டு அல்ல. ஒரு சீக்காளியை இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டுத்தான் கைவிட வேண்டும் என்று நினைத்து, லாரியை எப்படியோ தள்ளாடவிட்டு வெலிங்டன் தீவுக்குக் கொண்டுபோனாள். துறைமுகத்துக் கிரேன்களைப் பழுது பார்க்கும் சந்தீப் அங்கே இருந்தான். கோயம்புத்தூரில் வேலை பார்த்து, மலையாளத்தில் தோய்ந்த ஒரு தமிழ் பேசுவான், அக்கா என்பதற்கு இத்தா என்பான்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் ஆயில் குப்பியை எடுத்து, கார்பரேட்டரின் அடித் தகட்டைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டான். முன்பக்கம் ஆயில் அப்படியே நின்றது. பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத மூலையில், சர்ரென்று உள்ளே போனது. ஏறி இறங்கிக்கொண்டிருந்த சத்தம் ஒரு நொடி நேரானது.

"ஏர் வலிக்குது இத்தா. காத்த உள்ளே இழுக்குது. அதான் நிக்காதது."

கழற்றினான். கேஸ்கெட்டை விரித்து அவளிடம் நீட்டினான். பின்பக்கத்தில் ஒரு வெட்டு இருந்தது. கிழிந்ததாக இருந்தால் நார் நாராக இருக்கும். இது பிளேடு வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தது. பிறகு பெட்ரோல் போகும் ஜெட்டை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தான். துளையின் விளிம்பு மட்டும் புதுசாக மின்னியது.

"டிரில் கேற்றி ஓட்டையைப் பெரிசாக்கியிருக்கு. இது தானா வந்த கேடு இல்ல இத்தா. ஆரோ செஞ்சு வெச்சது. யார் பண்ணினது?"

அந்தக் கார்பரேட்டரைத் தொட்ட கை ஒன்றுதான். அந்தக் கைக்கு எத்தனை நாள் சோறு பிசைந்து கொடுத்திருக்கிறாள். சகீலா பக்கத்திலிருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்படியே விட்டிரவா?" என்றான் சந்தீப்.

"வேண்டாம். நேராக்கிக் கொடு. எப்படின்னு எனக்கும் காட்டு."

புது கேஸ்கெட் வெட்டினான். சரியான அளவில் ஜெட் போட்டான். பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டின் கம்பியை வளைத்து உயரத்தைச் சரிசெய்தான். இன்ஜினைக் கிளப்பி, நன்றாகச் சூடேறும்வரை ஒன்றும் செய்யாமல் விட்டான். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் கொடுத்தான். ஸ்க்ரூவை உள்ளே திருப்பத் திருப்ப இன்ஜின் தளர்ந்து அணையப் பார்த்தது. வெளியே திருப்பினால் கனத்துப்போய் உருமியது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் சத்தம் தானாகவே மேலேறி லேசாயிற்று. "அங்கே விடுங்க" என்றான். விட்டாள். மட்கார்டின் மேல் அவன் வைத்திருந்த சாயா கிளாஸில் சாயா அலையாமல் நின்றது. அத்தனை நாள் தன் கால்மேல் அல்லவா பழி போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பாலத்து ஏற்றத்தை லாரி ஒரே மூச்சில் ஏறியது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சுள்ளிக்கல்லுக்கு விட்டாள். வரும் சத்தத்தைக் கேட்டதுமே ரயீஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றான். அவள் அந்த வெட்டுப்பட்ட கேஸ்கெட்டை அவன் வேலை மேஜைமேல் வைத்தாள்.

"ஹோட்டல்காரன் உனக்கு என்ன தர்றேன்னான்?"

"மைனி, சத்தியமா ஒண்ணும் இல்ல."

"பின்னே?"

அவன் தலை நிமிரவில்லை. "அண்ணன்தான் சொன்னாரு."

"அண்ணனுக்கு நாக்கே திரும்பாது."

"சொன்னாரு மைனி. அந்தப் போட்டோ வந்ததுக்கு அப்புறம். என் சட்டையப் போட்டு, மீசைய ஒட்டி, ஊரு சிரிக்குதுன்னு சொல்லி அழுதாரு. வண்டி நின்னாத்தான் அவ வீட்டுல இருப்பா, நீ நிறுத்திக் கொடுன்னாரு. நான் என்ன செய்ய?"

ரயீஸின் துரோகத்துக்கு என்ன சொல்வது என்று அவள் வழியெல்லாம் மனதுக்குள் பேசித் தயார்செய்து வைத்திருந்தாள். அதில் அமீருதீனின் பெயர் எங்கும் இல்லை. தினமும் வந்து அவர் கட்டிலருகே உட்கார்ந்து, இன்றைக்கு இப்படி நின்றது, இப்படிப் புகைந்தது என்று அவள் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தாரே. எனக்கு ஓட்டத் தெரியலையோ என்றபோது கையைத் தடவினாரே.

வீட்டில் அமீருதீன் ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பொன்மணியை அனுப்பிவிட்டு சகீலா வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

"நீங்களா ரயீஸ்கிட்டச் சொன்னீங்க?"

அவர் மறைக்கவில்லை. "ஆமா" என்றார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "உங்கிட்ட... சொன்னா... கேக்க மாட்ட" என்றார்.

"கேட்டிருக்க மாட்டேன்தான். சண்டை போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருக்கலாம். அது புருஷன் பொஞ்சாதிக்குள்ள உள்ளது. இது என்னங்க? பாலத்து மேல பின்னாடி பஸ்ஸு இடிச்சிருந்தா?"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் அழும்போதெல்லாம் ஓடிப்போய்த் துடைத்தவள் அவள். அன்று துடைக்கவில்லை. அடுக்களைக்குப் போய் அவருக்குக் கஞ்சி சூடாக்கினாள். ஆற்றி, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. பெருநாளன்று ரயீஸ் வந்தான். தட்டில் பிரியாணி வைத்துக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான். லாரிப் பக்கம் போக அவனுக்குத் தைரியமில்லை, அவளும் கூப்பிடவில்லை. ஷூட்டிங் மேனேஜருக்கு அவளே போன் செய்து, வண்டி சரியாகிவிட்டது, ஒருமுறை வந்து பாருங்கள் என்றாள். அவர்களும் வந்து பார்த்தார்கள். மெல்ல மெல்ல வேலை திரும்பியது. கணவருக்கு வேளாவேளைக்கு மருந்து, குளியல், சாப்பாடு, எதிலும் அவள் குறை வைக்கவில்லை. லாரியைப் பற்றி மட்டும் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

மழை விட்ட பிறகு அமீருதீன் கோலூன்றி முற்றம்வரை நடக்கத் தொடங்கினார். ஒரு காலையில், உடற்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள், அவள் வைப்பினில் ஒரு படப்பிடிப்புக்காக லாரிச் சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

"லாரியிலயே... போலாமா? ஏறிருவேன்."

"பொன்மணியைக் கூட வரச் சொல்லிருக்கேன்" என்றாள். "ஆட்டோ வந்துட்டே இருக்கு."

ஆட்டோ வந்தது. அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே பொன்மணி பக்கத்தில் உட்காரவைத்து, வேட்டி நுனி சக்கரத்தில் சிக்காதபடி மடித்துவிட்டாள். அது தெருமுனை திரும்பியதும், வைப்பினுக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் ஜங்கார் படகைப் பிடிக்க, லாரி நிற்கும் கிடங்கை நோக்கி வேகமாக நடந்தாள்.