முப்பத்தொன்று கழியும்வரை கண் காத்திருக்காது

இன்று காலை எழுந்ததும் முதலில் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கடலைப் பார்த்தேன். காற்று இல்லை, படகு ஓடும்.

என் தம்பியின் மகள் குறித்த நாளுக்கு இரண்டு மாதம் முந்திப் பிறந்த குறைமாதப் பிள்ளை. தனியார் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு விடும்போது, "நாலாம் கிழமை கண் காட்டுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. தம்பி வங்கியில் வேலை செய்கிறவன். "துடக்குக் கழியட்டும் அக்கா. முப்பத்தொண்டு முடிய ஆறுதலாக் கொண்டு போவம்" என்றான். பிள்ளை பெற்ற வீட்டில் துடக்கு என்று முப்பத்தோராம் நாள்வரை தாயும் பிள்ளையும் வெளிக்கிடுவதில்லை. நாலாவது வாரம் அதற்குள்ளேதான் வருகிறது என்பது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அதனால்தான் நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்கு வந்து அவனோடு சண்டை பிடித்து, இன்று ஒரு நாள் மட்டும் கொண்டுபோகச் சம்மதம் வாங்கினேன்.

ஏழு மணிப் படகு. தம்பியின் மனைவி, என் மச்சாள் சுதா, பிள்ளையை நெஞ்சோடு கட்டியிருந்தாள். எதிரே இருந்த ஒரு அம்மா எங்களைக் கண்டதும் சேலையை ஒதுக்கிக்கொண்டார்.

"முப்பத்தொண்டு கழியேல்லைப் போல. நான் நயினாதீவுக் கோயிலுக்கெல்லே போறன்."

கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த படகுக்காரர் திரும்பினார். "கடல் ஒருத்தரிட்டையும் துடக்குக் கேக்கிறேல்லை அம்மா. கொஞ்சம் அரக்கி இருங்கோ, பிள்ளைக்குத் தண்ணி தெறிக்கும்."

அந்த அம்மா முணுமுணுத்தபடியே தள்ளி இருந்தார். நடுக்கடலில் அலை தெறிக்கத் தொடங்கியதும் தன் குடையை விரித்து எங்கள் பக்கம் பிடித்தார். "தீட்டுத் தீட்டுத்தான். அதுக்குப் பிள்ளை நனையிறதே?"

குறிகட்டுவான் துறையில் இறங்க ஒரு மணித்தியாலம். அங்கிருந்து யாழ்ப்பாணம் முப்பத்தைந்து கிலோமீற்றரளவு. பேருந்து உண்டு, குழந்தைக்காக நாலாயிரம் ரூபாவுக்கு ஓட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கண்ணுக்கு மருந்து விட்டு, கருமணி விரியக் காத்திருந்து, இமையை ஒரு கம்பியால் விரித்துப் பார்த்தார்கள். சுதா சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஒட்சிசன் குடுக்கேக்கை மெஷினில எவ்வளவு காட்டினது?" என்று கேட்டார் கண் டொக்டர்.

"நூறு டொக்டர். எப்பவும் நூறு." சுதாவின் குரலில் பெருமை. பிறந்த மருத்துவமனையில், பிள்ளையின் காலில் ஒட்டிய கருவி இரத்தத்து ஒட்சிசனை அளந்து காட்டும் அந்த எண்ணைத் தம்பி நாள்தோறும் படம் பிடித்து அனுப்புவான். பரீட்சைப் புள்ளிபோலக் குடும்பமே கொண்டாடியது.

டொக்டர் சொன்னார்: குறைமாதப் பிள்ளைக்கு ஒட்சிசன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. அளவுக்கு மிஞ்சினால் கண்ணுக்குள்ளே விழித்திரையில் இரத்தக்குழாய்கள் வளராமல் நின்றுவிடும். பின்னர் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "அதுக்குத்தான் கூடினாலும் மெஷின் கத்திற மாதிரி வைக்கிறது."

"அந்தச் சத்தத்தை நிப்பாட்டி வைச்சிருந்தவை," என்றாள் சுதா. "மற்றப் பிள்ளையள் எழும்புதெண்டு."

எச்சரிக்கிற ஒலியை வாயடைக்க ஒரு கை இருந்திருக்கிறது. தாயைக் கூப்பிட்டு இரண்டு வசனம் சொல்ல ஒரு வாய் இருக்கவில்லை. நூறைப் பார்த்து நாங்கள் சிரித்தபோது பக்கத்தில் நின்ற தாதிமாரும் சிரித்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

நோய் தொடங்கியிருக்கிறது. லேசர் இன்னும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை திரும்பப் பார்ப்பார்கள். நோய் கூடியிருந்தால் உடனே லேசர் செய்தாக வேண்டும். பிந்தினால் பார்வை போய்விடலாம்.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். "வெள்ளியோ? அண்டைக்குத்தானே முப்பத்தொண்டு! ஐயருக்கும் சொல்லிப்போட்டன். பின்னேரப் படகில கூட்டிக்கொண்டு வாங்கோ. திங்கள் காட்டலாம்."

"பாப்பம்," என்றேன்.

தீவுகளில் குறைமாதப் பிள்ளையோடு இருப்பவர்களுக்கு: கண் காட்டும் திகதியைக் கேட்டு வாங்குங்கள். ஒட்சிசன் எந்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள். கடலை நம்பாமல் முதல்நாளே கரைக்கு வந்து தங்குங்கள். கண் வடிவாக முழிக்கிறதே என்று ஆறுதல்படாதீர்கள்.

இப்போது சுதாவும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் என் அறையில் நித்திரை. பின்னேரப் படகு போய்விட்டது. நாளைப் படகில் போவோம் என்று சுதா நினைக்கிறாள். தம்பி நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை. வெள்ளிக்கிழமை அங்கே வீடு கழுவட்டும், ஐயர் வரட்டும். இவர்கள் இரண்டு பேரும் அந்த நேரம் என்னோடு கண் டொக்டரின் வாசலில் இருப்பார்கள்.