மூக்கர் கொளுத்திய தண்ணீர்

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். சரியான பேச்சுதான். ஆனாலும் கொட்டிய சொல்லைக் குனிந்து குனிந்து அள்ளப் பார்த்த ஒரு மனிதர் உண்டு. அவர் ஒரு கார் மெக்கானிக். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி, ஊருக்கு அவர் மூக்கர்.

மூக்கு பெரியது என்பதால் வந்த பெயர் இல்லை. வண்டி ஷெட்டுக்குள் நுழையும்போதே புகையை மோந்து நோயைச் சொல்லிவிடுவார். "ஆயில் எரியுது" என்பார். "கிளட்ச் தேயுது, காலை எடுக்கவே மாட்டீங்களா?" என்று கேட்பார். வண்டிக்காரர் அசடு வழிவார். கார்புரேட்டர் வைத்த பழைய கார்கள் எல்லாம் அவர் ஷெட்டில்தான் வரிசையில் நிற்கும். வேலையில் அவர் படு சுத்தம். கழற்றி மாற்றிய பழைய பாகத்தை ஒரு டப்பாவில் போட்டு, வண்டிக்காரர் கையில் கொடுத்துக் காட்டாமல் வண்டியை அனுப்ப மாட்டார். ஒரு வாஷராக இருந்தாலும் சரி.

குறை என்று ஒன்றே ஒன்று. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அந்தத் தெருவின் மறுகோடியில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் மேனேஜர் மூக்கருடைய தங்கையின் கணவர். அதிர்ந்து பேசாத மனிதர். காலையில் பெட்ரோலின் அடர்த்தியை அளந்து நோட்டில் எழுதாமல் ஒரு வண்டிக்கும் குழாயைத் தூக்க மாட்டார். மூக்கரை வாய் நிறைய 'மச்சான்' என்பார். மூக்கரும் 'மாப்பிள்ளை' என்று உருகுவார். தங்கை என்றால் மூக்கருக்கு உயிர்.

இவ்வளவும் சரியாக இருக்கும்போதுதான் ரிட்டயர் ஆன நர்ஸம்மாவின் நீலக் கார் நடுரோட்டில் நின்றது. நாலு மாதத்துக்கு முன் மூக்கரே பிரித்து மேய்ந்து மாட்டிக்கொடுத்த வண்டி அது. அதன்பின் நர்ஸம்மா மகள் வீட்டுக்குப் போய்விட, மழைக்காலம் முழுவதும் கார் அவர் வீட்டு ஷெட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்து எடுத்தார். சிக்னல் வரை ஓடியது, இரண்டு முறை விக்கியது, நின்றுவிட்டது.

மூக்கர் கார்புரேட்டரைத் திறந்தார். அடியில் தண்ணீர் மாதிரி ஒன்று தனியாகத் தேங்கிக் கிடந்தது. கூடவே செம்மண் கரைத்தது போலத் துருக் கசடு. பெட்ரோல் வரும் ரப்பர் ஹோஸைத் தொட்டால் ஊறிய அப்பளம்போல் கொழகொழவென்று இருந்தது. மூக்கருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் வேலையில் தப்பு வராது. அப்படியானால் பெட்ரோலில்தான் தப்பு. நர்ஸம்மா வழக்கமாகப் போடுவது மாப்பிள்ளையின் பங்கில்.

மூக்கரிடம் ஒரு நெட்டைப் பாட்டில் இருந்தது. மனைவியின் நகப்பூச்சால் பத்துக் கோடுகள் போட்டு வைத்திருந்தார். முதல் கோடு வரை தண்ணீர், அதற்கு மேல் பத்தாவது கோடு வரை பெட்ரோல். மூடி, குலுக்கி, வைத்துவிட வேண்டும். தண்ணீர் கனம், கீழே இறங்கும். நல்ல பெட்ரோல் என்றால் தண்ணீர் ஊற்றிய கோட்டிலேயே நிற்கும் என்பது அவருடைய பல வருஷக் கணக்கு. பாட்டிலோடு நேரே பங்குக்குப் போனார். காலை எட்டு மணி, முப்பது வண்டிகள் வரிசையில். எல்லோர் முன்னாலும் பெட்ரோல் பிடித்து, குலுக்கி, பம்பின் மேல் வைத்தார். அடியில் இருந்த தண்ணீர் ஒரு கோட்டிலிருந்து கிட்டத்தட்ட மூன்று கோட்டுக்கு ஏறி நின்றது.

"பார்த்துக்குங்க எல்லாரும்! என் மாப்பிள்ளைன்னு பார்க்க மாட்டேன். இது பெட்ரோல் இல்ல, தண்ணி!"

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "மச்சான், நான் எதையும் கலக்கல. பம்புல ஒட்டியிருக்கிறதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

"ஸ்டிக்கரைப் படிச்சா வண்டி ஓடுமா?" என்றார் மூக்கர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு வாரத்தில் பங்கில் ஈ காக்காய்கூட இல்லை. பங்க் முதலாளி மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, இந்தப் பேச்சு அடங்காவிட்டால் அடுத்த மாதம் வேறு மேனேஜர் என்று சொல்லிவிட்டார். தங்கை அண்ணனுக்குப் போன் செய்வதை நிறுத்தினாள். இவர் செய்தாலும் எடுக்கவில்லை. தெருவில் எதிரே பார்த்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மூக்கர் வீம்பாக இருந்தார். நியாயம் பேசினால் உறவு நிற்காதுதான் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்து அலமாரியில் பூட்டிவைத்தாள்.

சொல்லைக் கொட்டிய இருபத்து மூன்றாம் நாள், நல்ல பெட்ரோல் எப்படி இருக்கும் என்று நர்ஸம்மாவுக்குக் காட்டுவதற்காக வேறு மூன்று பங்குகளில் பிடித்துவந்தார். முதலாவதைக் குலுக்கினார். மூன்று கோடு. இரண்டாவது. மூன்று கோடு. மூன்றாவதும் அதே.

"மூணு பங்க்லயும் என் மாப்பிள்ளையா உட்கார்ந்திருக்கான்?" என்று முனகினார்.

நர்ஸம்மா மேலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டு, அடியில் நின்றதில் ஒரு துளியை விரலில் தொட்டு மோந்தார். "என்னப்பா மூக்கர், உனக்கா இது தெரியல? இது வெறும் தண்ணி இல்ல, ஸ்பிரிட்டு கலந்திருக்கு. முப்பது வருஷம் ஊசி போடுறதுக்கு முன்னாடி இதைத்தானே தடவினேன்."

மூக்கர் அதை ஒரு டப்பா மூடியில் ஊற்றி, வாசலுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். தண்ணீர் எரிந்தது. புகையில்லாமல், லேசான நீலமாக, அவர் பார்த்துக்கொண்டே நிற்க அது பாட்டுக்கு எரிந்தது.

மெதுவாக விளங்கியது. பெட்ரோலில் யாரும் தண்ணீர் கலக்கவில்லை. எத்தனால் என்கிற அந்த ஸ்பிரிட்டு கம்பெனியிலிருந்தே கலந்து வருகிறது. குலுக்கியதும் அது பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது, கோடு ஏறியது. நர்ஸம்மாவின் காரிலும் அதேதான் நடந்தது. சும்மா கிடந்த மாதங்களில் எத்தனால் மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்து அடியில் பிரிந்து நின்றது, டாங்கின் பழைய துருவைக் கிளப்பிவிட்டது, அந்தக் காலத்து ரப்பரை ஊறவைத்தது. தப்பு செய்தது அந்தப் பழைய ரப்பரை மாற்றாமல் விட்ட மெக்கானிக். பம்பில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சொன்னதும் இதுதான்: எத்தனால் கலந்த பெட்ரோல்.

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம்? பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு நல்ல நாள் பார்த்துத் தங்கை வீட்டுக்குப் பழம் வாங்கிப் போவோம். மாப்பிள்ளையும் அதைத்தான் சொன்னார். மூக்கர் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மச்சான். வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் பேசிக்கலாம்" என்றார். தங்கமான மனிதர்.

"நான் வீட்டுல வச்சா சொன்னேன்? இங்க நின்னுதானே சொன்னேன்" என்றார் மூக்கர்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பங்கில் நின்றார். உள்ளே வந்த ஒவ்வொரு வண்டியின் ஜன்னலிலும் குனிந்தார். "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. இவர் தண்ணி கலக்கல. எனக்குத்தான் தெரியல." நம்பாதவர்களைத் தன் ஷெட்டுக்கு அழைத்துப் போய்த் தண்ணீரைக் கொளுத்திக் காட்டினார். முதல் நாள் ஆர்வக் கோளாறில் பங்கிலேயே தீப்பெட்டியை எடுத்துவிட்டார். அதிர்ந்து பேசாத மாப்பிள்ளை அன்றுதான் அதிர்ந்து கத்தினார்.

வராமல் போனவர்களைத் தேடி வீட்டுக்கே போனார். பழைய கார் வைத்திருந்தவர்களிடம், "நீங்க பங்க் மாத்துறதுல பிரயோஜனமில்ல, ஹோஸை மாத்தணும். ரொம்ப நாள் ஓட்டலைன்னா டாங்கில பெட்ரோலை விட்டு வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். சிலர் கேலி செய்தார்கள். ஒருவர், "மூக்கரே, ஜலதோஷமா?" என்று கேட்டார். "ஆமாங்க, இருபத்து மூணு நாளா" என்றார் மூக்கர், சிரிக்காமல். பொய்ச் சொல் எத்தனை நாள் நின்றதோ அத்தனை நாள் நிற்பது என்று கணக்கு வைத்திருந்தார். ஒரு நாள் முதலாளியே ஷெட்டுக்கு வந்து அந்த நீலத் தீயைக் குனிந்து பார்த்தார். மேனேஜரை மாற்றும் பேச்சு அதோடு நின்றது. வண்டிகள் மெல்லத் திரும்பின. ஆனாலும் மூக்கர் கணக்கைக் குறைக்கவில்லை. தங்கைதான் இன்னும் வரவில்லை.

அப்படி நின்ற இருபத்து மூன்றாம் நாள் பங்கிலிருந்து திரும்பினால், ஷெட் வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய பழைய ஸ்கூட்டர். தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஸ்டார்ட் ஆகல" என்றாள். நாற்பத்தாறு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"எப்போ இருந்து?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"ஒரு மாசமா? வேலைக்கு எப்படிப் போன?"

"நடந்துதான்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "வேற மெக்கானிக்கிட்ட கொடுக்க மனசு வரலண்ணா. உன்கிட்ட வரவும் மனசு வரல."

மூக்கர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரின் முன்னால் மண்டியிட்டார். ஹோஸைக் கழற்றி, வழக்கம்போல் மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"என்னண்ணா, என்ன கோளாறு?" என்று கேட்டாள் தங்கை.

அவருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது.