பதிவேட்டில் இல்லாத சாலை

தினமும் காலையில் நான் நடக்கும் சாலை இல்லவே இல்லையாம். ஓர் அலுவலகம் முத்திரை குத்தி எனக்குப் பதில் அனுப்பியிருக்கிறது.

நான் கேட்டது என்ன? துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உப்பளப் பெண்கள் கடக்கிற இடத்தில் புதுப் பச்சைப் பலகை ஒன்று நட்டிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கும் தாழ்வாக. அதற்குப் பின்னால் வரும் லாரி கண்ணுக்குத் தெரியாது. புஷ்பம் என்ற பெண்ணின் தூக்குவாளி கண்டெய்னர் லாரிச் சக்கரத்தில் நசுங்கியது. புஷ்பம் ஓர் எட்டு பின்னால் நின்றதால் தப்பினார்.

“பார்த்துக் கடக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டுவிட்டேன். அவரோடு உப்பளத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தா அக்கா பாய்ந்தார்.

“எங்கன பாக்க? நீங்க இங்கன வந்து நில்லுங்க அண்ணாச்சி... லாரி தெரியுதான்னு சொல்லுங்க!”

நின்றேன். பலகைதான் தெரிந்தது. அதில் கொட்டை எழுத்தில் 138.

நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாற்றினார்களே, அப்போது எங்கள் 7ஏ, 138 ஆனது. வடக்கு தெற்கென்றால் இரட்டைப்படை, கிழக்கு மேற்கென்றால் ஒற்றைப்படை, மூன்று இலக்கமென்றால் கிளைச் சாலை. அருமையான ஒழுங்கு! காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் நான், ஒழுங்கைக் குறை சொல்வேனா?

ஆனால் பலகை மாறிய இடத்தில் கல் மாறவில்லை. மைல்கல்லில் இன்னும் 7ஏ. அதைப் பார்த்து, பலகையைத் தள்ளி நடச் சொல்லி முறைப்படி மனு எழுதினேன். ‘அப்படியொரு சாலை பதிவேட்டில் இல்லை.’ சரி, 138 என்று திருத்தி, கல்லில் கண்ட கிலோமீட்டரையே போட்டு அனுப்பினேன். ‘அந்தக் கிலோமீட்டரில் பலகை ஏதும் இல்லை.’ புது எண்ணுக்குக் கிலோமீட்டரை மறுமுனையிலிருந்து எண்ணுகிறார்களாம்!

நேரில் போனேன். “என்னோடு வாங்க, பத்து நிமிஷத்தில் காட்டுகிறேன்” என்றேன்.

“இன்ஸ்பெக்‌ஷன் போடணும்னா லொகேஷன் வேணுமே சார்” என்றார் அதிகாரி.

இடம் தெரிந்தால்தான் இடத்தைப் பார்க்க வருவார்கள். இதற்குப் பெயர் நிர்வாகம்!

ஜெசிந்தா அக்கா மனு எதுவும் போடவில்லை. ஒரு சிவப்புத் துணியோடு பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“ஏலே, நில்லுலே! மனுசங்க போறது தெரியல?”

லாரிகள் நின்றன. பெண்கள் கடந்தார்கள். ஒரு வாரம் நிம்மதியாகப் போனது.

பிறகு அதே அலுவலகத்திலிருந்து உப்பள முகவரிக்கு அக்கா பெயரில் ஒரு நோட்டீஸ். தேசிய நெடுஞ்சாலை 138, இத்தனையாவது கிலோமீட்டர், இத்தனையாவது மீட்டர், இடப்புறம், அறிவிப்புப் பலகை அருகில் போக்குவரத்துக்கு இடையூறு!

எனக்கு ரத்தம் கொதித்தது. ஓர் உயிரைக் காப்பாற்ற இடம் தெரியாது... காப்பாற்றுகிறவளை மிரட்ட மட்டும் மீட்டர் சுத்தமாகத் தெரியுமா?

“செயில்ல போட்டுருவானுவளா அண்ணாச்சி?” அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

“மாட்டார்கள். அதில் ஒரு ஜெராக்ஸ் கொடுங்க” என்றேன்.

மூன்றாவது மனு நேற்று பதிவுத் தபாலில் போய்விட்டது. இணைப்பு ஒன்று. ‘இடம்’ என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: ‘தங்கள் நோட்டீஸில் கண்டவாறு.’