பவுலின் செய்த கிக்

என் அக்கா பவுலின் யாரையும் லேசில் மன்னிக்க மாட்டாள். எதிரிக்காக ஜெபியுங்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னால், அந்தோணி பிரபுவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று கண்ணை மூடி ஜெபிப்பாள். நானும் சேர்ந்து ஜெபித்திருக்கிறேன். தங்கையாகப் பிறந்துவிட்டு வேறென்ன செய்வது?

திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்குக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை. அந்தக் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு சாப்ட்வேர் சிந்தசைசரை ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். வாத்தியமே இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் சத்தத்தை உண்டாக்குகிற சமாச்சாரம் அது. மற்றவர்கள் அதில் புல்லாங்குழலும் வயலினும் தேடுவார்கள். இவளுக்குக் கிக் மட்டும்தான் வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவர் காலால் மிதிக்கும்போது நெஞ்சில் வந்து இடிக்குமே, அந்தச் சத்தம்.

வெறும் 'ஊ' என்று ஒரு சத்தத்தை எடுத்து, கண்மூடித் திறப்பதற்குள் உச்ச சுருதியிலிருந்து அடிமட்டத்துக்கு இறக்கினால் 'தும்' என்று விழும். மெதுவாக இறக்கினால் 'பொய்ங்' என்று அசிங்கமாக இருக்கும். முன்னால் ஒரு 'டக்' ஒட்டுவாள், பின்னால் வாலை நறுக்குவாள். மறுபடி கேட்டுவிட்டு எல்லாவற்றையும் அழிப்பாள். ஹெட்போனில் பிரமாதமாக இருப்பது மைதானத்தில் செத்துவிடும் என்பதால் ஒலக்கூர் பக்கம் எந்தத் திருவிழா என்றாலும் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஸ்பீக்கர் பாக்ஸைக் கவனிப்பாள். மைக்செட்காரர்கள் இடது, வலது இரண்டு ஒயரையும் சேர்த்து ஒரே லைனாக முறுக்கிவிடுவதை அங்கேதான் பார்த்தாள். எந்த மூலையில் நிற்பவருக்கும் ஒரே சத்தம் போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தோணி பிரபு எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர். சொந்தமாக இசைக்குழுவும் வைத்திருந்தார். குச்சியால் தட்டினால் உள்ளே ஏற்றிவைத்த சத்தம் வருகிற 'பேட்' ஒன்று அவரிடம் இருந்தது. பவுலின் செய்த கிக்குகளைப் பென்டிரைவில் வாங்கி அதில் ஏற்றிக்கொள்வார். விழுப்புரம் முதல் திருவக்கரை வரை அவர் குழுவுக்குப் பெயர் வந்ததே அந்த அடியால்தான். மேடைக்கு மேடை, "இந்தக் கிக்கு நானே உருவாக்கினது" என்று மைக்கில் சொல்லுவார்.

பவுலின் ஒருநாள் அவரிடமே கேட்டாள். "அண்ணே, ஒரு தடவையாவது மைக்ல என் பேரைச் சொல்லுங்க."

"பொம்பளப் புள்ள பேரைச் சொன்னா விசிலடிப்பானுங்கம்மா. உனக்குத்தான் அசிங்கம்."

அதையும் பொறுத்துக்கொண்டாள். லோக்கல் கேபிள் டிவியில் அவர் பேட்டி வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நானும் அம்மாவும் அவளும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கிக்கெல்லாம் ஜெராக்ஸ் கடைப் பெண் செய்வதாகச் சொல்கிறார்களே என்று பேட்டி எடுத்தவர் கேட்டார். பிரபு சிரித்தார். "அது காப்பி போட்டுக் குடுக்கிற பொண்ணுங்க. அதுக்குக் கிக்குன்னா என்னான்னு தெரியுமா?"

அம்மா டிவியை அணைத்தார். பவுலின் மறுபடியும் போட்டு, பேட்டி முடியும்வரை பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு கொஞ்ச நாள் சிந்தசைசரே கதி என்று கிடந்தாள். ஒரு மாலை கடைக்குப் போன என் தலையில் ஹெட்போனை மாட்டினாள். தும்! மண்டைக்குள் இடி விழுந்தது.

"நல்லா இருக்குதா? இடது பக்கம் சத்தம் தள்ளும்போது வலது பக்கம் அதே அளவு இழுக்கும். ஹெட்போன்ல காதுக்குக் காது தனித்தனியா வர்றதால பிரமாதமா கேக்கும். ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கினா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். மிச்சம் ஒண்ணும் இருக்காது."

"பாவம் இல்லியாக்கா?"

"பாவம்தான். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன், போடி."

பிரபு ஹெட்போனில் கேட்டுவிட்டு, "என்னம்மா, தலைக்குள்ள பூந்து அடிக்குது!" என்று பூரித்துப்போனார். முகையூர் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு அதை ஏற்றிக்கொண்டார். அம்மா, பவுலின், நான் மூன்று பேரும் மத்தியானமே பஸ் ஏறி, அங்கே முன்வரிசையில் இடம் பிடித்தோம்.

தேர் நிலைக்கு வர நேரமாகிவிட்டது. மைக்கை மட்டும் 'ஹலோ' சொல்லிப் பார்த்துவிட்டுக் கச்சேரியைத் தொடங்கினார்கள். "இன்னிக்கு என்னோட புதுக் கிக்கு, நெஞ்சைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிக் குச்சியை ஓங்கினார் பிரபு. அடித்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக அடித்தார். மற்ற தாளமெல்லாம் கேட்டது, கிக் மட்டும் இல்லை. பேட்டில் ஹெட்போனைச் செருகிக் கேட்டார். அதில் தும் தும் என்று விழுந்திருக்கும். மனிதருக்கு வேர்த்துவிட்டது. இளவட்டங்கள் விசிலடித்தார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் திருவிழாவிலும் இருந்ததில்லை.

"யோவ் மாசிலாமணி, உன் பாக்ஸு புட்டுக்கிச்சுய்யா!" என்று பிரபு மைக்கிலேயே கத்தினார்.

மைக்செட் மாசிலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் சிடியில் ஒரு பாட்டைப் போட்டார். மைதானமே அதிர்ந்தது. "என் பாக்ஸு நல்லாத்தான் கீது! உன் கிக்குதான் டப்பா!"

ஊர் முழுக்கச் சிரித்தது. பிரபு நிதானம் இழந்தார். மைக் கையில் இருப்பதே அவர் நினைவில் இல்லை.

"நான் பண்ணலய்யா! இந்தக் கிக்கு திண்டிவனம் பவுலின் பண்ணது! எல்லாக் கிக்கும் அதுதான் பண்ணுது!"

அத்தனை பாக்ஸிலும் அவள் பெயர் கேட்டது. யாரும் விசிலடிக்கவில்லை. பவுலின் எழுந்து நின்றாள். அம்மா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

பிரபு மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "பவுலினு, கூட்டம் கலாட்டா பண்ணிக்கினு கீதும்மா. ஜல்தி வந்து சரி பண்ணிக் குடு."

"மைக்ல கேளுங்கண்ணே."

அவர் மறுபடி மேடை ஏறினார். மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் கேட்டார். "பவுலின் அவர்கள் மேடைக்கு வரும்படி கேட்டுக்கிறேன்."

கூட்டம் திரும்பி அவளைப் பார்த்தது. பவுலின் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.